தோட்டாவுக்கும் ஒரு பரீட்சை!

பெசன்ட் நகர் கடற்கரையில் பலூன் சுடுபவர்கள், குறி தப்பினால் துப்பாக்கியைத் திட்டுவார்கள். 50 மீட்டர் ரைபிள் வீரர்களுக்கோ முதல் சந்தேகம் தோட்டா மீதுதான்.

அவர்கள் குறிவைக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு! இந்த ரைபிளின் தோட்டாவில், தீப்பற்றவைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கும். அது சீராகப் பரவாவிட்டால் குண்டுகளின் வேகம் மாறும். வேகம் குறைந்த குண்டு சற்றுக் கீழே போய்ப் படும்.

ஒரே கம்பெனித் தோட்டாவிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வித்தியாசம் உண்டு. ஒருவரின் துப்பாக்கிக் குழலுக்குப் பொருந்துவது, அடுத்தவர் குழலுக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால் ரைபிளை அசையாமல் இறுக்கி வைத்து, ஒவ்வொரு தயாரிப்பு எண்ணிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்ப்பார்கள். துளைகள் எதில் நெருக்கமாக விழுகின்றனவோ, அந்த எண்ணுள்ள பெட்டிகளையே மொத்தமாக வாங்குவார்கள். சோதனை முடியும்வரை ரைபிளில் ஒரு திருகைக்கூட மாற்றக் கூடாது. மாற்றினால், பலன் எதனால் வந்ததென்று தெரியாது.

இத்தனை மெனக்கெடல் எதற்கு? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம் வென்றார், சென்னையில் பிறந்த ககன் நரங். ஆனால், 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் அவரால் இறுதிச் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. நுழைந்த இன்னொரு இந்தியர் ஜாய்தீப் கர்மாகருக்கு நான்காம் இடம். 70 குண்டுகள் சுட்டபின், 1.9 புள்ளியில் வெண்கலம் கைநழுவியது.

காற்றையும் படபடப்பையும் போட்டியன்றுதான் சமாளிக்க முடியும். தோட்டாவை மட்டும் முன்கூட்டியே சோதித்துவிடலாம்!