ஆபரேஷனுக்கு முன் "ஸ்டீராய்டு" ஊசி: பயப்படணுமா? மறைச்சாத்தான் ஆபத்து!

மதுரை,

இரைப்பை புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்றாலே குடும்பத்துக்கு பாதி உயிர் போய்விடும். "ஸ்டீராய்டு ஊசி போடுவோம்" என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னால் மீதி உயிரும் போய்விடும். "கிட்னி போயிடுமாமே, தையல் பிரிஞ்சிடுமாமே" என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உண்மை என்ன?

எதற்கு இந்த ஊசி?

இந்த ஆபரேஷனில் இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்துவிட்டு குடலை இணைத்து தைக்கிறார்கள். வெட்டுப்பட்ட உடம்பில் வீக்கமும் அழற்சியும் வரும். மயக்கம் தெளிந்ததும் குமட்டல், வாந்தி வரும். வயிற்றில் புது தையலோடு வாந்தி எடுத்தால் எப்படி இருக்கும்? அதை குறைக்கத்தான் "டெக்சாமெத்தசோன்" ஊசி. 2020-ல் கொரோனாவில் மூச்சுத்திணறியவர்களுக்கு கைகொடுத்த அதே மருந்துதான்.

ஆய்வு சொல்வது என்ன?

தையல் ஆற லேட் ஆகும், சீழ் பிடிக்கும் என்ற பயம் டாக்டர்களுக்கும் இருந்தது. இங்கிலாந்தில் குடல் ஆபரேஷன் செய்த 1,350 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரே ஒரு தடவை 8 மில்லிகிராம் ஊசி போட்டவர்களில் முதல் 24 மணி நேரத்தில் வாந்தி எடுத்தவர்கள் 25.5 சதவீதம். போடாதவர்களில் 33 சதவீதம். சிக்கல்கள் கூடவில்லை.

2021-ல் வெளியான இன்னொரு ஆய்வில் பலவகை ஆபரேஷன் செய்த 8,725 பேரை பார்த்தார்கள். வெட்டிய இடத்தில் கிருமி தொற்று ஊசி போட்டவர்களில் 8.1 சதவீதம், போடாதவர்களில் 9.1 சதவீதம். சர்க்கரை நோயாளிகளும் இதில் உண்டு.

இவை இரைப்பை புற்றுநோய்க்கு மட்டும் நடந்த ஆய்வுகள் அல்ல. அதனால் யாருக்கு போடலாம், எவ்வளவு போடலாம் என்பதை ஆளை பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார். ஊசி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதை அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஆபத்து எங்கே இருக்கு?

ஒரு தடவை போடும் ஊசி வேறு, மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரை வேறு. மூட்டு வலிக்கும் வீசிங்குக்கும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி தின்கிறோமே, அதில் ஸ்டீராய்டு இருந்தால் உடம்பு தானாக சுரப்பதை குறைத்துவிடும். அந்த ஆள் மாத்திரையை திடீரென்று நிறுத்தினாலோ, டாக்டரிடம் மறைத்தாலோ ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் படுத்துவிடும். உயிருக்கே உலை.

"டாக்டர் திட்டுவாரு" என்று மறைக்காதீங்க. தின்ற மாத்திரை அட்டையை அப்படியே கொண்டுபோய் காட்டுங்க.

இன்னொன்று. பசி குறைந்து, எடை இறங்கி, மலம் கருப்பாக போனால் "கேஸ்தான்" என்று மாத்திரை போட்டு நாளை கடத்தாதீங்க. எண்டோஸ்கோப்பி பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் ஆபரேஷனுக்கே பலன்.