காயாவை எங்கே தேடுவது?

காயா என்னும் பெயரை நாம் அறிவோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் அதுவும் ஒன்று. திருமாலின் நிறத்துக்கு உவமையான அம்மலர், 'பூவை' என்னும் மறுபெயரால் தொல்காப்பியத்தின் 'பூவைநிலை' என்னும் துறைக்கும் பெயர் தந்தது. எனினும், தேர்வில் அப்பெயரை எழுதும் மாணவருள் எத்தனை பேர் அம்மரத்தைக் கண்டிருப்பர்? பெயரை அறிந்து பொருளை அறியாமை அரைக்கல்வியே ஆகும்.

காயாவை அடையாளம் காண்பது கடினமன்று. அது பெருமரங்களின் நிழலில் வளரும் சிறுமரம். இலைகள் எதிரெதிராக அமைந்து, தடித்துப் பளபளக்கும். நடுநரம்பு தெரியும், பக்க நரம்புகள் எளிதில் புலப்படா. நான்கிதழ் கொண்ட நீலப் பூக்கள் இலைக்கக்கங்களிலும், இலையுதிர்ந்த பழங்கணுக்களிலும் கொத்துக் கொத்தாக மலர்ந்து கிளையை மூடும். சிறு உருண்டைக் கனிகள் முதிர்ந்தபின் கருஊதா நிறம் பெறும். ஆண்டு முழுவதும் அது பூத்திருப்பதில்லை. ஆதலின், இலையைக் கொண்டு இனங்காணப் பழகியவரே காயாவை அறிந்தவர்.

மரத்தை அறிய அதன் நிலத்தையும் அறிதல் வேண்டும். கட்டுமாவடிக் கடற்கரையின் உவர்மண்ணில் காயாவைத் தேடிப் பயனில்லை. அங்கிருந்து மேற்கே அறந்தாங்கியை நோக்கிச் செல்லச் செல்ல மண் சிவக்கிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி இத்தகைய நிலத்தில் வளர்ந்து, கோடையிலும் பசுமை குன்றாது நிற்பதே உலர் பசுமைமாறாக் காடு. பாலையும் வீரையும் நாவலும் மேலே கவிந்திருக்க, அவற்றின் கீழடுக்கில் வாழ்வது காயா. பாக் நீரிணைக்கு அப்பால், இலங்கையின் உலர் வலயத்திலும் அது வளர்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அக்காட்டின் எச்சங்கள், மண்குதிரைகள் காவல் நிற்கும் ஐயனார் கோயிற்காடுகளில் இன்றும் உள்ளன.

எந்த மரமாயினும் பசுமைதானே என்று சிலர் கேட்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் எண்ணற்ற மரங்களைச் சாய்த்த இம்மண்ணில் மரம் நடுதல் நற்பணியே. விரைந்து வளரும் தைலமரம் வருவாய் தரும் என்பதும் உண்மையே. ஆயினும், ஒரே இனத்தை நட்டுச் சில ஆண்டுகளில் ஒருசேர வெட்டும் தோப்பில் மெதுவாக வளரும் காயாவுக்கு இடமேது? கீழடுக்கு இல்லாத தோப்பு காடாகாது. புதிதாக நடுவதினும், எஞ்சிய காட்டைக் காப்பதே முதற்கடமை.

அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்க் கோயிற்காட்டுக்குச் செல்லுங்கள். கிளையை ஒடிக்காமல் இலையை உற்று நோக்குங்கள். மரத்தின் பெயரை முதியோரிடம் கேளுங்கள். அவர்கள் 'காசா' என்று சொல்லக்கூடும். நூலில் படித்த காயாவே அது என்று உணரும்போது, அக்காட்டைக் காக்க வேண்டிய காரணத்தை வேறொருவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.