வாங்கும் உரிமை மட்டும் போதுமா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிரென்ஷா என்றொரு பகுதி. அங்கே 1947-ல் பெரிய வணிக வளாகம் திறக்கப்பட்டபோது, சுற்றிலும் பல வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என 1948-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பின மக்கள் குடிவந்தார்கள். வெள்ளையர்கள் மெல்ல மெல்ல வெளியேறினார்கள். வளாகத்துக்கு வருகிறவர்களும் மாறினார்கள். 1980-களின் இறுதியில் அது புதுப்பிக்கப்பட்டது. கறுப்பின மக்கள் கூடிப் பேசும் பொது இடமாகவும் ஆனது.

பிறகு அவ்வழியே மெட்ரோ ரயில் திட்டம் வந்தது. முதலீட்டாளர்களின் கண் அங்கே விழுந்தது. வளாகம் விற்பனைக்கு வந்தபோது, உள்ளூர் மக்கள் ‘டவுன்டவுன் கிரென்ஷா’ என்ற பெயரில் திரண்டு, பணம் திரட்டி, தாங்களே வாங்க முன்வந்தார்கள். ஆனால் 2021-ல் அது ஒரு கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போனது.

கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். ஆகவே இந்தச் செய்தி நமக்கு அந்நியமானதல்ல. கடைவாசலை மிதிக்கும் உரிமைக்காக நம் முன்னோர் போராடினார்கள். இன்று பல இடங்களில் காசு கொடுத்தால் கதவு திறக்கிறது. கடை நிற்கும் மண் யார் பெயரில் இருக்கிறது? வாடிக்கையாளரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். பட்டா வைத்திருப்பவரை அப்படி மாற்ற முடியாது. நுழைவுரிமையோடு நிலவுரிமையையும் சேர்த்தே கேட்போம்.