பாதிப் புத்தகத்தோடு நின்ற படம்

மிக்கேல் எண்டே 1979இல் எழுதிய 'முடிவில்லாக் கதை'யை வொல்ஃப்காங் பீட்டர்சன் 1984இல் படமாக்கினார். நல்லதை முதலில் சொல்லிவிடுவோம்: துயரச் சதுப்பில் குதிரை ஆர்தாக்ஸ் அமிழும் காட்சி இன்றைக்கும் எங்களை உலுக்குது.

ஆனா படம் புத்தகத்தின் பாதியோடு நின்றுவிடுது. மிச்சப் பாதியில்தானே விஷயமே இருக்கு! அங்கே பஸ்டியன் ஆசைப்படும் ஒவ்வொரு தடவையும் அவனுடைய ஞாபகம் ஒன்று தொலையும். கடைசியில் சொந்தப் பெயரும் போய்விடும். படத்திலோ அவன் பறக்கும் டிராகனில் ஏறி, தன்னைச் சீண்டிய பொடியன்களைத் துரத்துகிறான். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. ஆசைக்கு விலையே இல்லை. எண்டே நீதிமன்றம் வரை போனது சும்மா இல்லை எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.

பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டுங்கோ. பிறகு மிச்சக் கதையையும் நீங்களே சொல்லுங்கோ.