கடலூரில் 37 டிகிரி என்றால் எங்கள் கொல்லையில் எவ்வளவு?



சித்திரை பிறந்துட்டா டிவியில தினமும் சாயந்திரம் ஒரு பட்டியல் ஓட ஆரம்பிச்சுடும். இன்னிக்கு இத்தனை ஊர்ல வெயில் சதம் அடிச்சதுன்னு. வேலூர், கரூர், ஈரோடு, திருத்தணின்னு வரிசையா பேர் வரும். கடலூர் பேரு பல நாள் அதுல இருக்காது. அதைப் பார்த்துட்டு, "பரவால்லப்பா, நம்ம பக்கம் வெயில் கம்மிதான்"னு சொல்றவங்க எங்க ஊர்லயே நிறைய பேர். கடலோரத்துல இருக்கறவங்களுக்கு அந்தப் பட்டியல் பிரயோஜனம் இல்லாதது மட்டும் இல்ல, ஆபத்தானதும் கூடன்னு எனக்குத் தோணுது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல இந்த சதம். நூறு டிகிரி பாரன்ஹீட்னா 37.8 டிகிரி செல்சியஸ். வானிலை மையம் அறிக்கை குடுக்கறது செல்சியஸ்ல. டிவிக்காரங்க அதை பாரன்ஹீட்டுக்கு மாத்தி, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்றாங்க. 99-ல இருக்கற ஊர் பட்டியல்ல இல்ல, 100-ல இருக்கற ஊர் இருக்கு. வேலை செய்யற உடம்புக்கு அந்த ஒரு டிகிரியில என்ன வந்துடப் போகுது?

இன்னொண்ணு, அந்த வெப்பம் எங்க எடுக்கறாங்கன்னு பல பேருக்குத் தெரியாது. வெள்ளை பெயிண்ட் அடிச்ச மரப்பெட்டி, நாலு பக்கமும் காத்து போக பலகை இடைவெளி, தரையில இருந்து சுமார் நாலு அடி உயரம். அதுக்குள்ள இருக்கு தெர்மாமீட்டர். அதாவது நிழல்ல, காத்தோட்டத்துல எடுக்கற அளவு. உலகம் பூரா அப்படித்தான் எடுக்கறாங்க, அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கணும்னா அப்படித்தான் எடுத்தாகணும். ஆனா எள்ளுக் கொல்லையில குந்தி களை வெட்டற பொம்பளைக்கு மேல வெள்ளைப் பெட்டி இல்ல. தலைக்கு மேல சூரியன், காலுக்குக் கீழ கொதிக்கற செம்மண்ணு, ரெண்டு அடி உயரத்துல மூஞ்சி. பெட்டிக்குள்ள 37-ன்னா அவங்க மூஞ்சிக்கு எவ்வளவுன்னு யாரும் அளக்கறதில்ல.

இதைவிடப் பெரிய விஷயம் காத்துல இருக்கற ஈரம். வேர்வை வந்தா மட்டும் உடம்பு குளிராது. அந்த வேர்வை காயணும். காஞ்சாத்தான் சூடு போகும். காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருந்தா வேர்வை காயாம வழிஞ்சுட்டே இருக்கும், சூடு உடம்புக்குள்ளயே நிக்கும். இதைக் கணக்குப் பண்ணி "உணரும் வெப்பம்"னு ஒரு அளவு வெச்சிருக்காங்க. 36 டிகிரி வெப்பமும் 40 சதவீதம் ஈரப்பதமும் இருந்தா உடம்புக்கு சுமார் 39 மாதிரி இருக்கும். அதே 36 டிகிரிக்கு ஈரப்பதம் 60 சதவீதம்னா சுமார் 48 மாதிரி இருக்கும். தெர்மாமீட்டர்ல ஒரு புள்ளி கூட ஏறல, ஆனா உடம்புக்கு ஒம்பது டிகிரி ஏறிப்போச்சு. இதுவும் நிழலுக்குச் சொன்ன கணக்குத்தான். நேர் வெயில்ல நின்னா இன்னும் எட்டு டிகிரி வரைக்கும் கூடலாம்.

வேலூர்லயும் கரூர்லயும் அடிக்கறது பெரும்பாலும் காஞ்ச வெயில். நம்மளது புழுக்கமான வெயில். அதனாலதான் சதம் அடிக்காத கடலூர் உள்ளுக்குள்ள ஆளை வேகவைக்குது. சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி எல்லாத்துக்கும் இதே கதைதான்.

அடுத்தது கடல்காத்து. கடற்கரை ஊருக்கு கோடையில ஒரே மருந்து அதுதான். வெயில் ஏற ஏற தரை சீக்கிரம் சூடாகுது, கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரைமேல இருக்கற சூடான காத்து மேல ஏற, அந்த இடத்துக்கு கடல்ல இருந்து காத்து உள்ள வருது. பதினொண்ணு, பன்னண்டு மணிக்கே அது வந்துட்டா கடலூர் டவுன் தப்பிச்சுது, வெப்பம் அதுக்கு மேல ஏறாது. மேல்காத்து பலமா இருந்தா கடல்காத்து கரையிலயே நின்னுடும். உள்ள வர ரெண்டு மணி, மூணு மணி ஆகும். சில நாள் வரவே வராது. சென்னை நுங்கம்பாக்கத்துல 2003 மே 31-ந் தேதி 45 டிகிரி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? கடற்கரையில இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கற இடம் அது. மேல்காத்து கதவைச் சாத்திட்டா கடல் பக்கத்துலயே இருந்தும் பிரயோஜனம் இல்ல.

எங்க ஊரு கடலூர்ல இருந்து மேற்கே 25 கிலோமீட்டர், பண்ருட்டி பக்கம். கடலூருக்கு உச்சிப் பொழுதுல வந்த காத்து எங்க கொல்லைக்கு வந்து சேர மணி ரெண்டு, ரெண்டரை ஆயிடும். அது வர்றதுக்கு முன்னால ஒரு நேரம் இருக்கு பாருங்க, மேல்காத்தும் நின்னு போயிருக்கும், கடல்காத்தும் வந்திருக்காது. பலா இலை ஒண்ணு கூட அசையாது. ஆடு மேயறதை விட்டுட்டு மரத்தடியில வந்து நின்னு இரைக்கும். மாடு வாயைத் திறந்து மூச்சு விடும். அந்த ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம்தான் எங்க பக்கம் ஆளை அடிக்கற நேரம். சாயந்திரம் டிவியில வர்ற கடலூர் வெப்பத்துல இந்த நேரம் எங்கயும் இருக்காது.

முன்னெல்லாம் ஒதுங்க நிழலாவது இருந்துச்சு. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் வந்து முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சதுல இருந்து பல கொல்லைங்க வெட்டவெளியா போச்சு. மறுபடி வெச்ச மரங்க எல்லா இடத்துலயும் பழைய மாதிரி வளரல. கரும்புக்கும் சவுக்குக்கும் மாறின கொல்லையில ஆள் உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஒரு மரம் கிடையாது.

இனி வெப்ப அலைங்கற விஷயத்துக்கு வர்றேன். இந்திய வானிலைத் துறை இதுக்கு ஒரு விதி வெச்சிருக்கு. சமவெளின்னா குறைஞ்சது 40 டிகிரி, கடலோரம்னா 37 டிகிரி இருக்கணும். அது மட்டும் போதாது. அந்த ஊருக்கு அந்த நாள்ல இயல்பா இருக்கற வெப்பத்தைவிட நாலரை டிகிரி கூட இருக்கணும். கடலூர்ல மே மாச இயல்பே 36, 37-ஐ ஒட்டித்தான். அப்போ வெப்ப அலைன்னு சொல்ல 41-ஐத் தாண்டணும். புழுக்கத்தோட 39 இருந்தா அது வெப்ப அலை இல்ல. அறிக்கையில "அசௌகரியம் ஏற்படலாம்"னு ஒரு வரி வரும். அசௌகரியம்னா என்னங்க? பண்ருட்டி பஸ்ல சீட்டு கிடைக்காம நின்னுட்டு வந்தா அது அசௌகரியம். மத்தியானம் ஒரு மணிக்கு கொல்லையில நிக்கறவங்களுக்கு அந்த வார்த்தை பத்தாது.

போன வைகாசியில பக்கத்துக் கொல்லையில எள்ளுக்குக் களை வெட்டிட்டிருந்த ஒரு அக்கா சுருண்டு விழுந்துட்டாங்க. அறுபது வயசுக்கு மேல. காலையில எட்டரைக்கு இறங்கினவங்க, மணி பன்னண்டரை இருக்கும். தலை வலிக்குதுன்னு ஒரு தடவை சொல்லியிருக்காங்க, மனை முடியட்டும்னு திரும்பவும் குந்தியிருக்காங்க. தூக்கும்போது உடம்பு அனலா கொதிச்சுது, பேச்சு குழறுது. மோட்டாரைப் போட்டு தலையில இருந்து கால் வரைக்கும் தண்ணி ஊத்தி, ஈரத்துணி போட்டு விசிறி, 108-க்கு போன் பண்ணி அனுப்பினோம். மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்து பிழைச்சு வந்தாங்க. அன்னிக்கு சாயந்திரம் டிவி பட்டியல்ல கடலூர் இல்ல. 37-ஐச் சொச்சம்னு சொன்னாங்க, இயல்பான வெயில்தான்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சு, அதனால இறந்தவங்க குடும்பத்துக்கு நாலு லட்சம்னு சொல்லியிருக்கு. நல்ல காரியம், மனசார வரவேற்கறேன். ஆனா வெப்ப அலைன்னே அறிவிக்காத ஒரு நாள்ல கொல்லையில விழுந்தவங்க குடும்பத்துக்கு அந்த அறிவிப்பு எந்த அளவுக்குக் கை குடுக்கும்? கடலோர மாவட்டத்து எம்.எல்.ஏ.க்கள் யாராவது சட்டசபையில இதைக் கேக்கணும்.

வானிலைக்காரங்களைத் திட்டறதுக்காக இதை எழுதல. புயல் எங்க கரை கடக்கும்னு இப்போ ரெண்டு மூணு நாள் முன்னாலயே சொல்லிடறாங்க, அதனால எத்தனையோ உயிர் பிழைச்சிருக்கு. "ஓரிரு இடங்களில் மழை"ன்னு சொல்றதைக் கிண்டல் பண்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். மழை அளக்கற இடங்கள்ல கால் பங்குக்குள்ள பெய்யும்னு அதுக்கு அர்த்தம். உங்க கொல்லையில பெய்யலைன்னா அவங்க சொன்னது பொய்னு ஆகாது. நான் கேக்கறது, மழைக்கு எடுத்துக்கற அக்கறையை புழுக்கத்துக்கும் எடுத்துக்கங்கன்னுதான். உணரும் வெப்பத்தை 2023-லயே சோதனை முயற்சியா வெளியிட ஆரம்பிச்சுட்டாங்க. அதைத் தமிழ்ல, கடலோரத்துக்குத் தனியா, உள்பக்கம் தனியா சொல்லுங்க. கடல்காத்து நாளைக்கு சீக்கிரம் வருமா, தாமதமாகுமான்னு ஒரு வரி சேருங்க. டிவிக்காரங்க சதத்தை விட்டுட்டு அதைப் படிங்க. இவ்வளவுதான் கேக்கறேன்.

அவங்க செய்யற வரைக்கும் நாம சும்மா இருக்கணுமா? கொல்லை வெச்சிருக்கற நம்ம கையில ஒண்ணு இருக்கு. அதுதான் வேலை நேரம்.

எங்க கொல்லையில ரெண்டு வருஷமா பங்குனி கடைசியில இருந்து ஆனி வரைக்கும் காலைல ஆறு மணிக்கு இறங்கி பத்தரைக்கு ஏறிடறாங்க. கூலி முழுக் கூலி. மல்லாட்டை ஆயறது மாதிரி நிழல்ல உட்கார்ந்து செய்யற வேலைன்னா வேணும்னா மறுபடி நாலு மணிக்கு மேல. முதல்ல பக்கத்துக் கொல்லைக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. "நீ கூலியைக் கெடுக்கற, நாளைக்கு எங்ககிட்டயும் கேப்பாங்க"ன்னாங்க. கணக்குப் போட்டுப் பாருங்கன்னேன். ஆறுல இருந்து பத்தரைக்குள்ள வெட்டற மனையும், எட்டரையில இருந்து ஒரு மணிக்குள்ள வெட்டற மனையும் எது ஜாஸ்தி? பதினொண்ணு மணிக்கு மேல கை எந்த வேகத்துல போகும்னு கொத்து பிடிச்சவங்களுக்குத் தெரியும்.

சொல்றது சுலபம், செய்யறதுல சிக்கல் இருக்கு. அதையும் மறைக்கக் கூடாது. பொம்பளைங்களுக்கு காலைல ஆறு மணிதான் வீட்டு வேலை நேரம். சோறு ஆக்கணும், மாடு கறக்கணும், எல்லாத்துக்கும் மேல தெருக்குழாயில தண்ணி வர்ற நேரமே ஆறரை. குழாயை விட்டுட்டு கொல்லைக்கு வான்னா எப்படி வருவாங்க? கோடை மூணு மாசம் மட்டும் தண்ணியை சாயந்திரம் விடச் சொல்லி பஞ்சாயத்துல எழுதிக் குடுத்திருக்கோம். எங்க தெருவுக்கு ஆச்சு, மேலத்தெருவுக்கு இன்னும் ஆகல. வெயிலைப் பத்திப் பேச ஆரம்பிச்சா கடைசியில தண்ணிக் குழாய்ல வந்து நிக்குது. இதை ஊர் கூடித்தான் தீர்க்கணும்.

இனி நீங்க இன்னிக்கே செய்யக்கூடியது. போன்ல மேகதூத் செயலி இருக்கு, தமிழ்லயே வரும். அஞ்சு நாளைக்கு வெப்பம், மழை, ஈரப்பதம், காத்து திசை எல்லாம் நம்ம மாவட்டத்துக்கு குடுக்கறாங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னால அதைப் பாருங்க. வெப்பத்தை மட்டும் பார்க்காதீங்க, ஈரப்பதத்தையும் பாருங்க. காலை ஈரப்பதம் எப்பவும் ஜாஸ்தியாத்தான் இருக்கும், அதைப் பார்த்து பயப்பட வேணாம். பொழுது சாயற நேரத்து ஈரப்பதம் 55, 60-க்கு மேல இருக்கா, வெப்பம் 36-க்கு மேல இருக்கா, காத்து மேற்கேயிருந்தா? மூணும் சேர்ந்தா மறுநாள் பத்தரைக்கு மேல யாரையும் வெயில்ல நிறுத்தாதீங்க. ராத்திரி வெப்பம் 28, 29-லேயே நின்னா ஆளுங்க சரியாத் தூங்கியிருக்க மாட்டாங்க, அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

களத்துல யாராவது தலை சுத்துதுன்னா, பேச்சு குழறினா, உடம்பு நெருப்பா சுட்டா, நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் தண்ணி ஊத்தி விசிறுங்க, உடனே 108-க்கு அடிங்க. நினைவு இல்லாதவங்க வாயில தண்ணியோ மோரோ ஊத்தாதீங்க, புரையேறிடும்.

கத்திரி மே 4-ல ஆரம்பிச்சு 28-ல முடியும்னு காலண்டர்ல போட்டிருக்கு. நம்ம பக்கத்துப் புழுக்கம் ஆனி பாதி வரைக்கும் விடாது. அந்த அக்கா இந்த வருஷமும் களை வெட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல, அவங்களுக்கு வேற வருமானம் இல்ல. ஆறு மணிக்கு வாங்க, பத்தரைக்கு வீட்டுக்குப் போயிடுங்கன்னு சொல்லியிருக்கேன். உங்க ஊர்ல வேலை நேரம் எப்படி, தண்ணி எப்போ விடறாங்கன்னு எழுதுங்க. நாலு ஊர்ல நடக்குதுன்னு காட்டினா எங்க மேலத்தெருவுக்கும் பேசிப் பார்க்கலாம்.