மல்லரும் மருந்தும்

மாமல்லபுரம் என்னும் பெயருள்ளேயே மற்போர் அடங்கியிருக்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனுக்கு வழங்கிய மாமல்லன், அதாவது பெருமல்லன், என்னும் பட்டமே ஊர்ப்பெயராயிற்று என்பர். அக்கடற்கரையில் விடியுமுன் வாலிபர் சிலர் மணலில் ஓடக் காண்கிறோம். ஓடிக் களைத்தபின் கையுறை மாட்டிக்கொண்டு குத்துச்சண்டையும் கிக்பாக்சிங்கும் பழகுகின்றனர். செங்கற்பட்டு மாவட்டத்து மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் நடைபெறுகின்றது. இவையெல்லாம் மகிழத்தக்கனவே. ஆயினும், உடற்பயிற்சிக்கூடங்களில் ஒரு சொல் வாய்க்கு வாய் உலவிவருகின்றது. "ஸ்டீராய்டு போட்டாலும், நன்றாய் ஓடி வியர்வை சிந்தினால் உடம்பை ஒன்றும் செய்யாது" என்பதே அது. அச்சொல் பொய், உயிரைக் கொள்ளவல்ல பொய். அதனை எடுத்துரைக்கவே இக்கட்டுரை எழுதலானேன்.

மருந்தின்மேற் குற்றமில்லை. ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோனை 1935-ஆம் ஆண்டிலேயே இரசாயன முறையிற் செய்து கண்டனர். அத்துறையில் உழைத்த பூட்டனாண்ட், ருசிக்கா என்னும் இருவர்க்கும் 1939-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது. அச்சுரப்புக் குறைந்தார்க்கு மருத்துவர் அதனை அளந்து கொடுத்து உதவுகின்றனர். குறையேதுமில்லாத இருபது வயதினன் அம்மருந்தினத்தை அளவின்றி ஏற்றிக்கொள்ளும்போதே கேடு தொடங்குகின்றது.

ஓட்டப்பயிற்சியால் இருதயத்தின் அறைகள் விரிந்து, சுவர் நெகிழ்ந்து, ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தை ஏற்று அனுப்பும். ஸ்டீராய்டோ அச்சுவரைத் தடிக்கச் செய்து இறுக்குகின்றது. செவ்வணுக்களைப் பெருக்கி இரத்தத்தைக் குழம்பாக்குகின்றது. இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றது. நல்ல கொழுப்பைக் குறைத்துத் தீய கொழுப்பை மிகுவிக்கின்றது. இந்நிலையில் ஒருவன் மூச்சுத் திணற ஓடினும், சுற்றுக்குமேற் சுற்றாகச் சண்டையிடினும், இறுகிய இருதயம் தடித்த இரத்தத்தை விரைந்து இறைக்க வேண்டியதாகின்றது. ஓட்டம் மருந்தின் தீங்கைக் கழுவுவதன்று. தீங்குற்ற உறுப்பின்மேல் ஏற்றிய சுமையே அது. சண்டைக்காரர்க்கு மற்றுமோர் இடருண்டு. எடைப்பிரிவுக்குள் அடங்கவேண்டி, போட்டிக்கு முன் நீர் அருந்தாது போர்வை போர்த்து வியர்க்கின்றனர். நம் செங்கற்பட்டுச் சித்திரை வெயிலில் அவ்வாறு உலர்ந்த உடம்பில் இரத்தம் எந்நிலையிலிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

2017-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் சிலர், நெடுங்காலம் ஸ்டீராய்டு கொண்ட 86 பேரையும் கொள்ளாத 54 பேரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். இருதிறத்தாரும் எடை தூக்கும் பயிற்சியினரே. ஒரு துடிப்பில் இருதயம் வெளியேற்றும் இரத்தம் மருந்து கொள்ளாதார்க்கு நூற்றுக்கு 63 பங்காகவும், கொண்டார்க்கு 52 பங்காகவும் இருந்தது. அவர்கள் ஓட்டக்காரரல்லர் என்பது மெய்யே. ஆயினும் ஆண்டுக்கணக்கான பயிற்சி அவர்களைக் காக்கவில்லை என்பது தெளிவு.

அர்ச்சுனன் தவம் என வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தில், விலா எலும்பு தோன்ற ஒற்றைக்காலில் நிற்கும் தவசியும் உண்டு; அவனைப்போலவே கையுயர்த்தி நிற்கும் பூனையும் உண்டு. பூனையின் காலடியில் எலிகள். ஊசியால் வந்த புயத்தைக் காணுந்தோறும் எனக்கு அப்பூனையே நினைவுக்கு வருகின்றது.

இனி, பிடிபட்டோர் செய்தி. 74 கிலோ பிரிவு மல்லரான நர்சிங் யாதவ் 2016-இல் ரியோ ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றவர். மெத்தாண்டியனோன் என்னும் ஸ்டீராய்டு அவருடைய சோதனையில் வெளிப்பட்டது. பிறர் உணவில் கலந்த சூழ்ச்சி என்றார். இந்திய அமைப்பு அதனை ஏற்றது. உலக அமைப்போ மேல்முறையீடு செய்ய, அவர் களம் இறங்கவிருந்த நாளுக்கு முன்னாளாகிய ஆகஸ்டு 18-இல் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கோமதி மாரிமுத்து 2019-இல் தோகாவில் நடந்த ஆசியப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் வென்ற தங்கப்பதக்கமும், நாண்டிரோலோன் தொடர்பான சோதனையாற் பறிபோயிற்று. தாமும் குற்றமற்றவரென்றே அவர் கூறினார்.

இவர்களையாவது சோதிப்பார் இருந்தனர். ஊர்த் திருவிழாவிலும் வட்டாரப் போட்டியிலும் மோதும் நம் பிள்ளைகளைச் சோதிப்பார் யார்? அவர்கள் இழப்பது பதக்கமன்று. சொந்தச் சுரப்பு அடங்கிப்போய், மணமானபின் மகப்பேறின்றி வருந்துவோரும், மருந்தை விட்டபின் மனச்சோர்வில் வீழ்வோரும் உளர். வெட்கத்தால் அவர்கள் அதனை வெளியிற் சொல்வதில்லை. நாமும் சினந்து வைதால் இன்னும் மறைப்பரேயன்றி விடார்.

ஆதலால் யான் வேண்டுவது தண்டனையன்று. மருந்து கொண்டவன் அஞ்சாது மருத்துவரிடம் உண்மை கூறி, இரத்தத்தையும் இருதயத்தையும் சோதித்துக்கொள்ளட்டும். அதுவரை கடும் ஓட்டத்தையும் நீரை ஒறுத்தலையும் நிறுத்தட்டும். ஒவ்வொரு பயிற்சிக்கூடத்திலும் எடை பார்க்கும் கருவியின் அருகே இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும் இருக்கட்டும். அதன் விலை நல்லதோர் இணைக் கையுறையின் விலையினும் பெரிதும் மேற்படாது.