நான்கு மாதமும் பத்தொன்பது வருஷமும்

ஆற்றில் விஷம் கலப்பவனுக்கு இனி ஜெயில் இல்லை, அபராதம் மட்டுமே. 2024 பிப்ரவரியில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தண்ணீர் மாசுத் தடுப்புத் திருத்தச் சட்டம் இதைத்தான் செய்திருக்கிறது. 5ந் தேதி ராஜ்ய சபைக்கு மசோதா வந்தது; 8ந் தேதி லோக் சபையும் கைதூக்கி முடித்துவிட்டது. நான்கே நாள்!

1974ம் வருஷச் சட்டம், தண்ணீரில் கழிவை விட்டவனுக்கு ஒன்றரை வருஷம் முதல் 6 வருஷம் வரை சிறை என்றது. புதிய சட்டமோ 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அதையும் கோர்ட் விதிக்காது. சர்க்கார் நியமிக்கும் அதிகாரி விதிப்பார். கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிக்கு இது தண்டனையா, கட்டணமா?

அனுமதி விஷயத்திலும் முதலாளிகளுக்கே சலுகை. சில வகைத் தொழில்களுக்கு முன் அனுமதியே வேண்டாமென்று மத்திய சர்க்கார் விலக்கு அளிக்கலாம். அந்த அதிகாரம் 2024 நவம்பரிலேயே பிரயோகிக்கப்பட்டது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலுமுள்ள கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கட்டுவதற்கென்று தனி அனுமதி வாங்கவேண்டியதில்லை. ஒரே வேலைக்கு இரண்டு அனுமதி எதற்கு, காலதாமதம் ஆகிறதே என்பது அவர்கள் வாதம்.

காலதாமதம் பற்றி நாமும் பேசுவோம். பழைய சட்டத்திலேயே ஓர் ஓட்டை உண்டு. முழுமையான விண்ணப்பத்துக்கு 4 மாதத்துக்குள் வாரியம் பதில் சொல்லாவிட்டால், நிபந்தனை எதுவுமின்றி அனுமதி கிடைத்ததாகவே பொருள்! வாரியத்தின் மௌனம் முதலாளிக்குச் சம்மதம். ஆள் போதவில்லையென்றால் ஆளை நியமிப்பதுதானே முறை?

விவசாயிக்கு எத்தனை மாதக் கெடு? நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992ல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. திருப்பூர் சாயக்கழிவு அதைச் சாயத் தொட்டியாக்கிற்று. கிணறு கெட்டது, நிலம் உப்பேறியது. பாசன விவசாயிகள் கோர்ட் ஏறினார்கள். 2006ல் ஹைகோர்ட் உத்தரவு; 2009ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது; அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28ந் தேதி ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே விழிப்பு வந்தது. பத்தொன்பது வருஷம்! விவசாயியின் மனுவுக்கு 4 மாதத்தில் பதில் வராவிட்டால் அது ஏற்கப்பட்டதாகப் பொருள் என்று எந்தப் பிரிவு சொல்கிறது?

பட்டறைகள் மூடியபோது தெருவில் நின்றவன் சாயத் தொழிலாளி. 'அவன் பிழைப்பு போகிறதே' என்று உருகிய முதலாளிகள், காலத்தில் சுத்திகரிப்பு செய்திருந்தால் ஒரு நாள் கூலியும் போயிருக்காது.

கோபிசெட்டிபாளையத்துக்கு இது அயலூர்ச் சங்கதி அல்ல. கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களை நம்பி நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைகின்றன. மேலே சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலைக் கழிவு பவானியில் கலந்த காலத்தை இங்குள்ளவர்கள் மறந்துவிடவில்லை.

தண்ணீர் மாநிலங்களின் விவகாரம். அதனால்தான் இச்சட்டம் முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு மட்டும் வந்தது; சட்டமன்றம் தீர்மானம் போட்டால்தான் மற்ற மாநிலங்களில் நுழையும். எந்தச் சட்டமன்றமும் இதற்குக் கைதூக்கக் கூடாது. மௌனத்தை அனுமதியாக்கும் பிரிவு ரத்தாக வேண்டும். வாரியத்துக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் நகலும், தமிழில், கழிவு போய்ச் சேரும் கிராமங்களின் கிராம சபைகளில் வைக்கப்பட வேண்டும். அங்கே எழும் ஆட்சேபத்துக்கு எழுத்தில் பதில் தராமல் அனுமதி கூடாது.